கேள்வி எழவில்லை

அந்தத் தாளின் கீழ் ஓரத்தில், கையொப்பத்துக்குச் சற்று இடப்புறமாக, மிளகளவில் ஒரு பொட்டு இருக்கிறது. பழுப்பு நிறம். நகத்தால் அழுத்தினால் உள்வாங்கும். கையெழுத்திட்டவரின் விரலிலிருந்து ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால் அது. சுரண்டினால் தாளும் சேர்ந்து கிழியும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். தாளின் நடுவில் ஒரு வரி, அளவுகோல் வைத்ததுபோல் நேராக, ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்தவள் நான். அவர் கையொப்பமிட்டுப் போன பிறகு அடித்தேன்.

முதுகலை ஆங்கில இலக்கியத்தின் முதலாண்டு முடிந்த கோடையில், தக்கலையில் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருடைய அலுவலகத்துக்குப் போகத் தொடங்கினேன். மக்கள் தமிழில் கொண்டுவரும் மனுக்களை ஆங்கிலத்தில் எழுதித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. கல்லூரி திறந்த பிறகும் பிற்பகல்களில் தொடர்ந்தேன். போகாமலிருந்தால் வீட்டில்தான் இருக்க வேண்டும். அம்மா இறந்த பின் வீட்டில் அப்பாவும் நானும் மட்டுமே. அவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோவார். மற்ற ஆறு நாட்களும் எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்றே பேசும். அந்த அலுவலகமோ ஒரு துணிக்கடையின் மாடியில், இரண்டு அறைகளில், ஓயாத பேச்சோடு இருந்தது. நான் பேசத் தேவையில்லை, எழுதினால் போதும் என்பது எனக்கு வசதியாயிற்று.

உள்ளறையில், வெள்ளைத் துவர்த்துத் துண்டு விரித்த உறுப்பினரின் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அவர் டெல்லியில் இருப்பார். ஊரில் இருந்தால் கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ இருப்பார். மலையிலிருந்து கடல்வரை நீண்டு கிடக்கும் ஒரு தொகுதிக்கு ஒருவர்தான். ஆனால் வருகிறவர்கள் அந்த நாற்காலியைப் பார்த்தபடிதான் பேசுவார்கள். வளைகுடாவில் இறந்த தம்பியின் உடலைக் கொண்டுவரக் கேட்பவர், கடவுச்சீட்டில் பெயர் பிழையானவர், ரயில் தம் ஊரில் ஒரு நிமிடம் நின்று போக வேண்டும் என்பவர், எல்லோரும் ஆளில்லாத அந்தத் துவர்த்திடம் முறையிடுவதைப் பார்க்கும்போது எனக்கு விளங்காத ஒரு துக்கம் வரும். வெளியறையில் எல்லாவற்றையும் நடத்தியவர் ஒருவர். பல ஆண்டுகளாக உறுப்பினருடன் இருப்பவர். நாங்கள் அவரை ஆபீஸ் அண்ணன் என்போம். நான் எழுதிய முதல் கடிதத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "டீச்சரே, எம்பிக்கே அகராதி வேணுமே இதுக்கு. கொஞ்சம் எறங்கி வாங்கோ," என்றார். அன்றிலிருந்து நான் அங்கே டீச்சர்.

உண்மையைச் சொன்னால், அந்த வேலையில் எனக்கு ரகசியமான ஒரு பெருமை இருந்தது. அழுகையும் கோபமும் ஊர்வம்பும் கலந்து வருவதைத் தேவையானது, தேவையற்றது என்று பிரித்து, மூன்று பத்திகளில் நேராக நிறுத்துவேன். தேவையற்றதை அடிக்கும்போது என் பேனா நடுங்கியதே இல்லை.

ஜூன் மாத மழையில் ஒரு நாள், அந்தத் தாளில் கையொப்பமிட்ட அக்கா வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. குடையைக் கதவோரத்தில் சாய்த்துவிட்டு, நனைந்த சேலை நாற்காலியை நனைத்துவிடும் என்று நின்றுகொண்டே பேசினார்.

"நான் கீரிப்பாறைக்கு மேல பத்தாம் கூப்பில இருந்தாக்கும் வாறேன். எம்பி இருக்காரா?"

"டெல்லியில இருக்காரு. இருந்து காரியத்தச் செல்லுங்க அக்கா, டீச்சர் எழுதுவாங்க," என்றார் அண்ணன். "கூப்புல ஆனை வந்துதா? ஆனைக்கு எம்பி இல்ல, காட்டு ஆபீஸர்."

"ஆனை வந்தா ஆனைகிட்டயே செல்லிருவேனே! இது வேற காரியம்."

ரப்பர்த் தோட்டத்தை எண்ணிட்டுப் பிரித்திருக்கும் பகுதிகளைத்தான் அங்கே கூப்பு என்பார்கள். அக்கா பத்தாம் கூப்பில் பால்வெட்டுத் தொழிலாளி; அங்கேயே லயன் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பில் தனியாக இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகள் வளைகுடா நாடொன்றில், ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், நம் நேரம் நான்கு மணி சுமாருக்கு, அவள் கையில் கைப்பேசி கொடுக்கப்படும். கூப்பில் சிக்னல் கிடையாது. குடியிருப்புக்கு மேலே ஒரு பாறை. அதில் ஏறி நின்றால் ஒரு கோடு தெரியும். அவ்வளவுதான் வழக்கு. ஒரு கோபுரம் வேண்டும் என்று நான் எழுதத் தொடங்கியிருந்தேன். அவர் நிறுத்தவில்லை.

"காத்தடிச்சா அந்த ஒரு கோடும் போயிரும் மோளே. நான் இங்க கெடந்து கத்துவேன், அவ அங்க கெடந்து கத்துவா. லயன்ல உள்ளவங்களுக்கு எல்லாம் எங்க வீட்டுக் காரியம் பாடம். அவளுக்கு அங்க இருக்கக் கொள்ளாமா, இல்லியாண்ணு ரெண்டு வருசமா ஒரு நாளும் கேக்க முடியல்ல. அதைக் கத்திக் கேக்க முடியுமா? நான் கேட்டாலும் அவ கத்திச் செல்ல முடியுமா, அந்த வீட்டுல நிண்ணுட்டு?"

"குலசேகரத்துக்கு எறங்கிப் பேசலாமே அக்கா?" என்று அண்ணன் கேட்டார்.

"பேசினேன், ஒரு தடவ. பஸ் ஸ்டாண்டில நிண்ணு. சுத்தி ஒரு திருவிழாக் கூட்டம். அங்கயும் அதே கத்தல்தான். பின்ன கடைசி பஸ்ஸும் போச்சு." பிறகு உள்ளறை நாற்காலியைப் பார்த்து, குரல் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு எனக்க பிள்ளகிட்ட மெதுவா ஒரு காரியம் கேக்கணும். அவ்வளவுதான் வேணும்."

அந்த வாக்கியத்தையும் எழுதினேன்; அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். பேருந்துக்கு நேரமாகவே, அந்தக் கைப்பிரதியிலேயே கையொப்பம் வாங்கினேன். காலையில் பால் சேர்த்த விரல்களை மழையில் கழுவியிருந்தார். ஆனாலும் பொட்டு விழுந்தது. "ஐயோ, கவருமெண்டு தாளு அழுக்காச்சே," என்று சேலைத் தலைப்பால் துடைத்தார். அது போகவில்லை. அவர் படியிறங்கிய பின், டெல்லிக்கு அனுப்பும் ஆங்கிலப் படியைத் தயாரிக்க உட்கார்ந்தேன். மெதுவாக ஒரு காரியம் கேட்பது எந்தத் துறையின் கீழும் வராது. கோடு போட்டு அடித்தேன். அடுத்து, இடத்தின் பெயர். 'பத்தாம் கூப்பு' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? அது ஊர்ப் பெயரல்ல, வாய்ப்பேச்சு. மேசையிலிருந்த பட்டியலைப் பார்த்து, அந்த மலைப்பகுதி அடங்கும் வருவாய்க் கிராமத்தின் பெயரைக் கண்டுபிடித்து எழுதினேன். சரியான பெயரைக் கண்டுபிடித்த திருப்தியோடு அன்று வீடு திரும்பியது நினைவிருக்கிறது.

உறுப்பினர் அந்த மனுவை ஒதுக்கவில்லை. மழைக்காலக் கூட்டத்தொடருக்கான கேள்விகளில் ஒன்றாக அதைச் சேர்த்தார். அவையில் கேள்விகள் இருவகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார். குறியில்லாததற்கு எழுத்தில் மட்டும். எது எடுத்துக்கொள்ளப்படும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். எங்களுடையது குறியில்லாத கேள்வியாகத் தேறியது. இதை அண்ணன் அக்காவுக்குத் தகவலாக அனுப்பியபோது, செய்தி கூப்பு ஏறும் வழியில் வளர்ந்துவிட்டது. கேள்வி வரும் நாளில், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, முதல் பேருந்தில் அக்கா தக்கலைக்கு வந்து சேர்ந்தார். அரக்கு நிறத்தில், கோயிலுக்குப் போகிறவர்போல் ஒரு சேலை. எம்பி டெல்லியில் எழுந்து நின்று பத்தாம் கூப்பின் பெயரைச் சொல்வதைத் தொலைக்காட்சியில் பார்க்க வந்திருந்தார். நானும் அன்று கல்லூரிக்குப் போகாமல் காலையிலேயே வந்திருந்தேன்.

அப்படி நடக்காது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அண்ணனும் வழக்கத்துக்கு மாறாகத் தலையைச் சொறிந்துகொண்டு தொலைக்காட்சியைப் போட்டார். பதினொரு மணி. மூன்று நெகிழி நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவைத் தலைவர் வந்து அமர்ந்தார். யாரோ எழுந்தார்கள், உடனே பலர் எழுந்தார்கள், பதாகைகள் உயர்ந்தன. என்ன விஷயம் என்றுகூடக் காதில் விழவில்லை. சில நிமிடங்களில் அவை ஒத்திவைக்கப்பட்டது.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இவங்களுக்கும் சிக்னல் இல்லியா? இப்பிடிக் கெடந்து கத்துதாங்க!"

அண்ணன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

"முடிஞ்சா? எனக்க காரியம் எப்பம்?"

"ஒங்க காரியம் மேசையில வச்சாச்சு அக்கா. கூட்டம் கலைஞ்சாலும் பதில் மேசைக்கு வந்துரும்."

"எந்த மேசையில?"

"அங்க ஒரு மேசை உண்டு. எல்லாப் பதிலும் அதில வைப்பாங்க."

"பெரிய மேசையாட்டு இருக்கும்," என்றார் அக்கா. கேலியா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

பிற்பகலில் பதில் இணையத்தில் வந்தது. அச்சிட்டு, அவருக்கு வாசித்துக் காட்ட எடுத்தேன். கேள்வி நான்கு பகுதிகள்: இன்ன கிராமத்தில் கைப்பேசிச் சேவை இல்லை என்பதை அரசு அறியுமா, ஆமெனில் விவரம் என்ன, எடுத்த நடவடிக்கை என்ன, இல்லையெனில் காரணம் என்ன. பதில் இரண்டே வரிகள். அந்தக் கிராமம் ஏற்கெனவே சேவைக்கு உட்பட்டதாகும். இதை நோக்க, ஏனைய பகுதிகளைப் பொறுத்தவரை கேள்வி எழவில்லை.

முதல் வரியைப் படித்ததுமே புரிந்துவிட்டது. அந்த வருவாய்க் கிராமம் மலையடிவாரத்தில் தொடங்குகிறது. அடிவாரத்தில் கடைகள் இருக்கின்றன, கோபுரமும் இருக்கிறது. கூப்பின் எண்ணையும் குடியிருப்பையும் எழுதியிருந்தால் பதில் எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் இந்தப் பதில் வந்திருக்க முடியாது. டெல்லியில் யாரும் பொய் சொல்லவில்லை. என் திருத்தமான கேள்விக்குத் திருத்தமான பதில் வந்திருந்தது.

"என்ன போட்டிருக்கு மோளே?"

அண்ணன்தான் தாளை வாங்கிப் பார்த்துச் சொன்னார்: "டவர் ஒங்க ஊருல இருக்குண்ணு செல்லுதாங்க அக்கா."

"இருக்கா? எங்க? நான் நேத்து வரைக்கும் பாக்கல்லியே!" சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிந்த பின்னும் அவருடைய முகம் சிறிது நேரம் அப்படியே இருந்தது, இறக்கிவைக்க இடம் தெரியாத சுமைபோல. "செரி, பன்னெண்டரை பஸ்ஸும் போச்சு. அடுத்ததுக்குப் போறேன்," என்று குடையை எடுத்துக்கொண்டார். தவறு என்னுடையது என்பதைச் சொல்ல எனக்குப் படிக்கட்டின் நீளம் முழுவதும் அவகாசம் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன்.

பிறகு அக்கா வரவில்லை. கூட்டத்தொடர்கள் முடிந்தன, அவையின் காலமும் முடிந்து தேர்தல் வந்தது, எங்கள் உறுப்பினர் மீண்டும் போட்டியிடவில்லை. அலுவலகத்தைக் காலி செய்த நாளில், பழைய கோப்புகளை எடைக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்த அண்ணன், "டீச்சருக்கு நினைவுக்கு என்ன வேணும்? நாற்காலியில விரிச்ச துவர்த்து எடுத்துக்கிடுதீங்களா?" என்றார். நான் அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டேன்.

அதை மேசையில் வைத்துக்கொண்டு படிப்பது எளிதாக இல்லை. ஒரு சொல்லை இடம் மாற்றினால் பொருள் எப்படி மாறும் என்று பக்கம் பக்கமாக எழுதிய என் பயிற்சித்தாள்களுக்கு அருகில் அது கிடந்தது. ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது என்ற ஏற்பாட்டைப் பற்றி நிறைய யோசித்தேன். கூப்பிலிருந்து அக்கா என்னிடம் பேசினார், நான் உறுப்பினரிடம், உறுப்பினர் அவையிடம். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று குறைந்திருக்கலாம். முதல் படியில் குறைந்தது எது என்பது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரியும். மற்றப் படிகளைக் குற்றம் சொல்ல நான் தகுதியற்றவள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கீரிப்பாறைப் பேருந்தில் ஏறினேன். பத்தாம் கூப்பில் விசாரித்தபோது ஒரு பெண் மேலே கைகாட்டினாள். அவள் காட்டியிருக்கத் தேவையில்லை. ரப்பர் மரங்களுக்கு மேலிருந்து அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டியா? ... சாப்பாடு! சாப்பாடு! ... ஆங்? ... இங்க மழ! மழ பெய்யுது! ... காலு நல்லா இருக்கு! காலு! ... நீ எப்பிடி இருக்கே? ... ஏட்டி, கேக்குதா? ... எப்பிடி இருக்கேண்ணு கேட்டேன்! ... ஆங், செரி, செரி!"

பாறையின் அடியில் நின்றேன். தான் நலம் என்று கத்துவதைத் தவிர அந்தக் கேள்விக்கு மறுமுனையில் வேறு பதிலே இருக்க முடியாது என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன். குடியிருப்பின் வாசல்களில் இருந்தவர்கள் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்காததுபோல் இருப்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. நான் அடித்த வரி என்னவென்று இப்போது முழுமையாகக் கேட்டது.

அவர் இறங்கி வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இது எம்பி ஆபீஸ் பிள்ளயில்லியா! மெலிஞ்சு போனியே மோளே." ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்ப் பெயரை மாற்றியது, வரியை அடித்தது, படிக்கட்டில் நின்றது. அவர் பாசி படிந்த கல்லில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னார்:

"நீ கூப்புண்ணு எழுதியிருந்தா மட்டும் அவங்களுக்குக் கூப்பு எங்கண்ணு தெரியுமாக்கும்? விடு. இதச் செல்லவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தே?"

மன்னிப்பாகத்தான் சொன்னார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு முடியவில்லை. வேறெதுவும் கொடுக்க இல்லாத நிலையில், என்னிடம் இருப்பது என்ன என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் மிகுந்து கிடப்பது அமைதி ஒன்றுதான். ஆறு நாட்கள் ஆளரவமற்ற வீடு, கதவுள்ள ஓர் அறை, கைப்பேசியில் நிறைந்து நிற்கும் கோடுகள். "அடுத்த வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்கக்கா. இருந்துட்டு மறுநாள் போகலாம்," என்றேன். யாரையும் நான் வீட்டுக்கு அழைத்ததில்லை. குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

வந்தார். கையில் ஒரு பை மரச்சீனிக் கிழங்கு. மூன்றே முக்காலுக்கு அவரை அம்மாவின் அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் வந்து அமர்ந்தேன். நான்கு மணிக்குச் சற்று பிறகு உள்ளே கைப்பேசி ஒலித்தது. "ஏட்டி" என்ற முதல் சொல் பழக்கத்தால் உரக்க வந்தது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. கடிகாரம் ஓடியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது. எங்கள் வீட்டின் மௌனத்தை நான் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. முதல்முறையாக அதற்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்து வந்தவர் நேராகப் போய் முகம் கழுவினார். கிழங்கை அவித்துச் சாப்பிட்டோம். காலையில் பேருந்துக்குப் புறப்படும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"மோளே, டவர் வேணுமிண்ணு எழுதின மாதிரி, அங்க நிக்குத ஆளத் திரிச்சு நம்ம ஊருக்குக் கொண்டுவாறதுக்கும் எம்பிக்கு எழுதலாமா?"

அந்தப் பேருந்தை விட்டோம். தாளை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் விடாமல், அவர் சொன்ன முறையிலேயே எழுதினேன். பத்தாம் கூப்பு என்று எழுதினேன். ஆங்கிலப் படியிலும் அப்படியே வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை அடியில் விளக்கினேன். அவர் கையொப்பமிட்டார். முந்தைய இரண்டு நாட்களும் மழையால் பால்வெட்டு இல்லை. விரல்கள் சுத்தமாக இருந்தன. தாளில் பொட்டு ஏதும் விழவில்லை. இப்போதைய உறுப்பினரின் அலுவலகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே வேறு மேசை, வேறு நாற்காலி. விரித்திருந்த துவர்த்து மட்டும் அதே வெள்ளை. மேலே அனுப்பியிருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அக்காவுக்கு எப்போதும் இறங்கிவர முடிவதில்லை. வராத வாரங்களில், நான்கு மணிக்கு, அம்மாவின் அறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பழைய தாளை எடுத்துப் பார்ப்பேன். இன்றும் எடுத்திருக்கிறேன். கடிகாரம் ஓடுகிறது. பாறையில் இந்நேரம் அவர் கத்திக்கொண்டிருப்பார். கீழ் ஓரத்தில் இருக்கும் அந்தப் பொட்டை நகத்தால் அழுத்துகிறேன். உள்வாங்குகிறது, விரலை எடுத்ததும், மெல்ல, பழைய இடத்துக்கே எழுகிறது.